முள்ளும் ஊழும்

ஊழ் என்னும் சொல் தமிழ்ச் சிந்தனை மரபில் பெற்றிருக்கும் இடம் மிகப் பெரிது. மனிதனின் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் ஒரு முறைமை உண்டு என்பதும், அவனுக்கு வாய்க்கும் இன்பதுன்பங்களை அம்முறைமையே வகுத்துத் தருகிறது என்பதும் அச்சொல்லின் சுருக்கமான பொருள். அதற்கு எதிரே நிற்பது ஆள்வினை, அதாவது ஒருவர் தம் அறிவையும் உடலையும் கொண்டு இடைவிடாது செய்யும் முயற்சி. இவ்விரண்டில் எது வலியது என்னும் வினா போர், நோய், அரசுரிமை, மகப்பேறு போன்ற பெரிய நிகழ்வுகளை வைத்தே பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்திருக்கிறது. அத்தகைய நிகழ்வுகளில் காரணங்கள் எண்ணிலடங்காமல் பின்னிக் கிடப்பதால் இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய சான்றை அவற்றிலிருந்து உருவிக்கொள்ள முடிகிறது, வினாவும் தீராமல் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. காரணம் கைக்கு எட்டும் இடத்திலேயே கிடக்கும் ஒரு சிறிய துன்பத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அதைப் பார்த்தால், ஊழ் என்னும் சொல் எங்கே தேவைப்படுகிறது, எங்கே தேவையின்றி நுழைகிறது என்பது ஓரளவு தெளியும். கம்பிச் சக்கரம் பூட்டிய இருசக்கர வண்டி பஞ்சராவதும், அதன் டயரை வண்டிக்கு உரியவரே வீட்டு வாசலில் கழற்றி மாட்டுவதும் அத்தகைய ஒரு சிறு துன்பமும் அதன் தீர்வும் ஆகும்.

தருமபுரி மாவட்டத்து அரூர் இவ்வாராய்ச்சிக்கு இயல்பாகவே பொருந்தும் ஊர். சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி வந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் நோக்கிப் போகும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இங்கிருந்து ஒரு பக்கம் சித்தேரி மலையின் சிற்றூர்களுக்கும், மறுபக்கம் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டிருக்கும் தீர்த்தமலைக்கும், தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தத்துக்கும் பிரியும் வழிகளின் கிளைகள், தோட்டங்களையும் குடியிருப்புகளையும் அடைவதற்குள் தார், கப்பி, மண் என்று மாறிக்கொண்டே போகின்றன. இவ்வழிகளில் பால் கேன், மரவள்ளி மூட்டை, தீவனப்புல் கட்டு, பள்ளிப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் சுமப்பது இருசக்கர வண்டிதான். ஓசூர் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1980ஆம் ஆண்டு, அங்கிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியும், அதன் வழிவந்த எக்ஸ்.எல். வகைகளும், பழைய ஸ்பிளெண்டரும், புல்லட்டும் பெரும்பாலும் கம்பிச் சக்கரத்தில் ஓடுபவை. வேலியிலிருந்து வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள், வரப்போரத்து நெருஞ்சி, மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணி, கப்பியின் கூர்முனை ஆகிய இவை அச்சக்கரங்களுக்காகக் காத்திருப்பவை போலக் கிடக்கின்றன. வண்டி நடுவழியில் நின்றதும் எழும் முதற்சொல் 'நேரம் சரியில்லை' என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அச்சொல் ஓர் ஆறுதல் மொழி. எனினும் அதற்குள் ஒரு தத்துவம் முழுமையாக அடங்கியிருக்கிறது.

அத்தத்துவத்தின் மிகக் கடுமையான வடிவத்தை ஆசீவகரிடம் காணலாம். புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவரான மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட அச்சமயத்தார், எல்லாம் நியதியால் முன்னரே முடிந்தவை என்றும், மனித முயற்சி என ஒன்று இல்லவே இல்லை என்றும் கூறினர். உருட்டிவிட்ட நூலுண்டை தன் நூல் தீரும் வரை அவிழ்வது போல உயிரும் தனக்குரிய துன்பம் தீரும் வரை பிறந்து பிறந்து தீரவேண்டும் என்பது அவர்கள் உவமையாகப் பௌத்த நூல்கள் வழி அறியப்படுகிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகவாதி தன் கொள்கையை எடுத்துரைப்பதும், நீலகேசியில் அக்கொள்கை மறுக்கப்படுவதும் அச்சமயம் தமிழ்நிலத்தில் பொருட்படுத்தத்தக்க தரப்பாக விளங்கியதைக் காட்டுகின்றன. திருக்குறள் இந்த வினாவில் கொண்டிருக்கும் நிலை இதைவிட நுட்பமானது. அதன் 38ஆம் அதிகாரமான ஊழ், ஊழைக் காட்டிலும் வலியது எதுவுமில்லை என்று முடிகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோ, சோர்வின்றி முயல்பவர் அந்த ஊழையே தோற்றோடச் செய்வர் என்று முடிகிறது. இவ்விரு முடிவுகளையும் இணக்கிக் காட்ட உரையாசிரியர்கள் பெரிதும் முயன்றிருக்கின்றனர். வள்ளுவர் அவற்றை இணக்காமலே விட்டதுதான் சரியென்று தோன்றுகிறது, ஏனெனில் வாழ்வில் இரண்டும் அவ்வாறே இணங்காமல் அடுத்தடுத்து எதிர்ப்படுகின்றன.

வடமொழி மரபில் யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதற்கு ஒரு சக்கர உவமையைத் தருகிறது: ஒற்றைச் சக்கரத்தால் தேர் ஓடாது, அதுபோல முயற்சியின்றி விதி மட்டும் பயன் தராது என்பது அதன் கருத்து. விதி ஒரு சக்கரம், முயற்சி மறு சக்கரம் என்ற இந்தப் பங்கீடு கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆயினும் எது எந்தச் சக்கரம் என்று தனித்தனியே சுட்டிக் காட்ட முடியும் என்னும் எண்ணத்தை அது தந்துவிடுகிறது. யோகவாசிட்டமும், அதை ஆளவந்தார் தமிழில் பாடிய ஞானவாசிட்டமும் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. அந்நூல்களின்படி விதி என்று தனியே ஒரு பொருள் இல்லை. முன்பு செய்த முயற்சியின் விளைவே இன்று விதி என்ற பெயரில் வந்து நிற்கிறது, பழைய முயற்சியும் புதிய முயற்சியும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் போல மோதிக்கொள்ள, வலியது வெல்கிறது. இக்கருத்தின் உண்மையைச் சோதிக்கப் பஞ்சரான ஒரு டியூபைப் போல வாய்ப்பான பொருள் வேறில்லை. அதைக் காண்பதற்கு முதலில் சக்கரத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

கம்பிச் சக்கரத்தின் நடுவில் ஹப் எனப்படும் குடம் இருக்கிறது. அதன் துளை வழியே அச்சு செல்கிறது. வெளியே ரிம் எனப்படும் உலோக வளையம். குடத்தையும் வளையத்தையும் இணைப்பவை பட்டறைகளில் போக்ஸ் கம்பி என்று வழங்கும் மெல்லிய ஆரக்கம்பிகள். பெரும்பாலான சிறு வண்டிகளில் இவை 36. மரச்சக்கரத்தில் கீழே இருக்கும் ஆரம் தூண் போல நின்று சுமையைத் தாங்கும். மெல்லிய கம்பி அவ்வாறு தூணாக நிற்க முடியாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கிறார்கள், சுமை ஏறும்போது கீழ்க்கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது, அந்தக் குறைவின் மூலமாகவே சுமை தரைக்குப் போய்ச் சேர்கிறது. இந்த இழுவிசை ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் சக்கரம் கோணும். கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் அதை நேராக்குவதையே கோட்டம் எடுத்தல் என்கிறார்கள். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்து, நிப்பிள் என்னும் சிறு மரையால் பிடிக்கப்படுகிறது. இத்தனை துளைகள் உள்ள வளையம் காற்றைத் தானே அடக்கி வைக்க இயலாது என்பதால், காற்றை அடக்கும் வேலை டியூபுக்கு விடப்படுகிறது. நிப்பிள்களின் முனைகள் டியூபைக் குத்தாமலிருக்க ரிம் டேப் என்னும் ரப்பர்ப் பட்டை இடையே போடப்படுகிறது. காற்றை அடக்குவது டியூப், தரையின் அடியை வாங்குவது டயர், சுமையைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத காற்று. குடத்தில் ஆரங்கள் பொருந்தியிருப்பதுபோல எல்லாம் பிராணனில், அதாவது உயிர்க்காற்றில், நிலைபெற்றிருக்கின்றன என்று பிரசின உபநிடதம் கூறுவதை இங்கே நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவ்வுபநிடதத்தின் காலத்தில் காற்றடைத்த சக்கரம் இல்லை, 1888இல் டன்லப் மிதிவண்டிக்காக அதைச் செய்து பரப்பும் வரை சக்கரமும் காற்றும் சேர்ந்ததை உலகம் பெரிதாக அறியவுமில்லை.

இனி வேலை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் ராடையும் அச்சு நட்டையும் கழற்றி, அச்சை உருவும்போது அதன் இருபுறமும் இருந்த புஷ்களை எந்தப் பக்கத்தில் எது இருந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் வைக்க வேண்டும். செயினை விடுவித்துச் சக்கரத்தை வெளியே எடுத்து, வால்வின் உள்ளே இருக்கும் சிறு ஊசியைத் திருகி எடுத்து, எஞ்சிய காற்றையும் இறக்கிவிட வேண்டும். பழைய டயர் வெயிலில் அரைமணி நேரம் கிடந்தால் இளகும். அதன் பின் குதிகாலால் மிதித்து, ரிம்மின் ஓரத்தில் இறுகியிருக்கும் டயரின் விளிம்பைச் சுற்றிலும் விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவி, லீவர் எனப்படும் தட்டையான நெம்புகோலை உள்ளே நுழைப்பார்கள். முதன்முறையாகச் செய்பவர் தோற்பது இந்த இடத்தில்தான். டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. அது ரப்பர் அன்று, எவ்வளவு இழுத்தாலும் நீளாது. ரிம்மின் வெளியோரம் அக்கம்பி வளையத்தைவிடப் பெரியது. நீளாத சிறிய வளையம் பெரிய வளையத்தைத் தாண்டி வருவது எப்படி என்பதற்கு விடை ரிம்மின் நடுவே சுற்றிலும் ஓடும் பள்ளத்தில் இருக்கிறது. லீவர் போட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், அங்கே கிடைக்கும் தளர்வு இங்கே வந்து சேர்கிறது. அப்போது இரண்டு விரல் வலிமையில் விளிம்பு ரிம்மைத் தாண்டி வெளியே வந்துவிடும். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்காதிருந்தால், எவ்வளவு பலசாலியானாலும், வளைவது லீவர்தான், கிழிவது டியூப்தான்.

முயற்சியைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அதன் அளவைப் பற்றியே பேசுகின்றன. தளராமை, இடைவிடாமை, அஞ்சாமை என்பன எல்லாம் அளவைக் குறிக்கும் சொற்கள். இந்தச் சக்கரம் முயற்சியின் இடத்தைப் பற்றிப் பேசுகிறது. தடை தோன்றும் இடத்தில் வலிமையைக் கூட்டிக்கொண்டே போவது, தடை உண்டாகும் இடம் மறுபுறம் இருப்பதை அறியாமல் செய்யும் வேலை. அது தோற்கும்போது, 'என்னால் ஆனதைச் செய்தேன், விதி விடவில்லை' என்ற சொல் மிக எளிதாக வந்துவிடுகிறது. அங்கே குறைந்தது உழைப்பன்று, பொருளின் இயல்பைப் பற்றிய அறிவு. ஆள்வினையுடைமையோடு நில்லாமல், வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று வேறு அதிகாரங்களையும் வள்ளுவர் வகுத்துக்கொண்டதற்கு இதுவே காரணமாகலாம்: செய்வேன் என்ற உறுதி வேறு, செய்யும் வகை வேறு.

டியூபை வெளியே எடுத்த பிறகு நடப்பது ஒரு முறையான அளவை ஆராய்ச்சி. அளவை என்பது உண்மையை அறியும் கருவி. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்றைச் சிறப்பாகக் கொள்கிறது. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும், இது காட்சி. அவ்வோட்டை எங்கே, எவ்வடிவில் இருக்கிறது என்பதிலிருந்து அதை உண்டாக்கியது எது என்று அறிவது கருதல். ஆற்றில் வெள்ளம் பெருகியதைக் கண்டு மலையில் மழை பெய்ததை உணர்வது போன்ற இவ்வகைக் கருதலை நியாய நூலார் சேஷவத் என்பர், அதாவது விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லுதல். தரையைப் பார்க்கும் பக்கத்தில் ஊசிமுனை போல ஒரே ஓட்டை இருந்தால், முள்ளோ ஆணியோ குத்தியிருக்கிறது. ரிம்மைப் பார்க்கும் உட்பக்கத்தில் இருந்தால், ரிம் டேப் விலகிப் போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. அந்த ஓட்டைக்குச் சாலையில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. அருகருகே இரண்டு கீறல்கள் இணையாக இருந்தால், காற்று குறைவாக இருந்த நிலையில் வண்டி பள்ளத்தில் விழுந்து, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கியிருக்கிறது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் ஒருவர் மட்டும் ஓட்டும்போது முன்சக்கரத்துக்கு 25, பின்சக்கரத்துக்கு 28 பவுண்டு என்று சொல்லப்படும் காற்றளவை மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், டயர் ரிம்மின் மேல் சிறிது சிறிதாக நகர்ந்து வால்வைச் சாய்த்திருக்கிறது. கையறிந்தவர்கள் டியூபை எடுக்கும்போதே டயரின் எந்தப் புள்ளிக்கு நேரே வால்வு இருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்கிறார்கள். டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை அளந்து, டயரில் அதே இடத்துக்குப் போனால், முள் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அந்த முள்தான் இவ்வாராய்ச்சியின் மையம். நெருஞ்சியின் ஒடிந்த முனை டயருக்குள் ஒரு நெல்லின் உமிமுனை அளவே நீட்டிக்கொண்டிருக்கும்; கண்ணுக்குத் தெரியாது, பழைய துணியால் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டே போனால் துணியின் இழை ஓரிடத்தில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால், அடுத்த நாளோ அடுத்த வாரமோ அதே முள் அதே டியூபை ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் குத்தும். அப்படி இரண்டு முறை ஆனவர், மூன்றாம் முறை தம் வண்டிக்குக் கண்ணேறு பட்டதாகக் கருதத் தொடங்குகிறார். கண்ணேறு உண்டா இல்லையா என்பது இங்கே வினா அன்று. முள்ளை எடுக்காதவர் அந்த வினாவைக் கேட்கும் நிலைக்கே இன்னும் வரவில்லை என்பதுதான் செய்தி. நஞ்சு தோய்ந்த அம்பு பாய்ந்தவன், எய்தவன் யார், எந்தக் குலத்தான், அம்பின் இறகு எந்தப் பறவையினுடையது என்றெல்லாம் அறியும் வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று சொன்னால் அவன் இறந்தே போவான் என்று புத்தர் மாலுங்கியபுத்தருக்குக் கூறியதாகப் பாலி மரபு உரைக்கிறது. இவ்வுவமை காரண ஆராய்ச்சியையே மறுப்பதாகச் சிலர் கொள்வது பிழை. அம்பு எங்கே பாய்ந்திருக்கிறது, எவ்வளவு ஆழம், முனை உள்ளே ஒடிந்திருக்கிறதா என்ற வினாக்களை மருத்துவர் கேட்டே ஆகவேண்டும். துன்பத்தை நீக்குவதற்கு உதவும் காரணம் ஒன்று, துன்பத்தைப் பற்றிய பெருமூச்சுக்கு மட்டும் உதவும் காரணம் மற்றொன்று என்பதே அவ்வுவமை செய்யும் பாகுபாடு. முத்துன்பங்களால் தாக்குண்டதனால்தான் அவற்றை நீக்கும் வழியைப் பற்றிய ஆராய்ச்சி பிறக்கிறது என்று சாங்கிய காரிகை தொடங்குவதும் இதே திசையில்தான்.

டியூபை உள்ளே வைத்து டயரை மீண்டும் மாட்டும் பகுதி, ஞானவாசிட்டத்தின் கருத்துக்கு நேரடிச் சான்றாகிறது. வடிவம் கொள்ளும் அளவுக்குச் சிறிது காற்றை டியூபில் ஊதி, பவுடர் தூவி, முறுக்கில்லாமல் உள்ளே வைத்து, வால்வை அதன் துளையில் நேராக நிறுத்தி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி இரு கைகளாலும் விளிம்பை ரிம்முக்குள் தள்ளிக்கொண்டே வந்து வால்வருகே முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே பொறுமையிழந்து லீவரை ஆழமாக நுழைத்து நெம்பினால், அதன் முனைக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் அகப்பட்டுக் கடிபடும். ஓட்டையை அடைக்க வந்த கையே புதிய ஓட்டையைப் போட்டுவிடுகிறது. கொடுமை என்னவென்றால் அது உடனே தெரியாமல் போகலாம். கடி முழுதும் அறுபடாமல் ரப்பரை மெலித்து மட்டும் விட்டிருந்தால், காற்று நின்று, வண்டி ஓடி, பல நாள் கழித்துச் சித்தேரி ஏற்றத்தில் மூட்டையோடு போகையில் அவ்விடம் பிளக்கும். அன்று அது முழுக்க முழுக்க ஊழின் தோற்றத்தோடு வருகிறது: முள் இல்லை, ஆணி இல்லை, புது ஒட்டு, நல்ல டயர், ஆயினும் காற்றில்லை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுப்பது இவ்விடத்தில் மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. செய்து சேர்ந்து பயன் தராமல் கிடப்பது சஞ்சிதம் எனப்படும் தொல்வினை. அதிலிருந்து முகந்து இன்று நுகரப்படுவது பிராரத்தம் எனப்படும் நுகர்வினை. நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம் எனப்படும் ஏறுவினை. பஞ்சரை நுகர்பவர் அதைச் சரிசெய்யும் ஆத்திரத்தில் அடுத்த பஞ்சரை ஏற்றிக்கொள்வதைப் பார்த்தவருக்கு, இம்மூன்று சொற்களும் பாடநூலின் பகுப்பாக நில்லாமல் கண்ணெதிரே நடப்பவையாகிவிடும். பல ஒட்டுகள் போட்ட ஒரு பழைய டியூபைக் காற்றடித்துக் கையில் பிடித்தால் அது ஒரு வினைக்கணக்கு போலவே இருக்கிறது. எந்த ஒட்டு சாலை தந்தது, எந்த ஒட்டு அவசரம் தந்தது என்று உரியவர் விரல் வைத்துச் சொல்ல முடியும்.

அவ்வாறு சொல்ல முடிவது, அவற்றைத் தாமே ஒட்டியவருக்குத்தான். பஞ்சர் கடைக்காரரின் கை இவ்வேலையில் தேர்ந்தது, அவருடைய உழைப்புக்கு ஈடு சொல்வது கடினம். ஆனாலும் கடையில் காரணம் ஒருவரிடமும் துன்பம் வேறொருவரிடமும் தங்கிவிடுகின்றன. முள்ளைக் கண்டவர் அதைத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார். வண்டிக்கு உரியவர் தேநீர்க் கடையிலிருந்து திரும்பி வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நிகழ்வின் உள்ளே பார்க்காதவருக்கு அது வெளியிலிருந்து வந்த அடியாகவே எஞ்சுகிறது. வீட்டு வாசலில் செய்யும் வேலையின் தத்துவ மதிப்பு மிச்சமாகும் காசில் இல்லை. துன்பமும் அதன் காரணமும் ஒரே மனிதரின் கைகளில் சேர்வதில் இருக்கிறது.

இவ்வளவும் தனிமனிதரின் பொறுப்பைப் பற்றியது. இதையே பிடித்துக்கொண்டு எல்லாப் பஞ்சருக்கும் வண்டிக்காரரே காரணம் என்று சொன்னால் அது பெரிய அநீதி. கூர்க்கப்பியைப் பரப்பிவிட்டு மேலே தார் போடாமல் மாதக்கணக்கில் விடப்பட்ட சாலையில் மலையூர்க்காரரின் டயர் கிழிந்தால், அது யாருடைய வினை? நுகர்பவரின் பிராரத்தம் அது என்று சித்தாந்தி கூறக்கூடும். அப்படியே கொண்டாலும், சாலையை அவ்வாறு விட்டவரின் ஏறுவினை அதனால் இல்லாமல் போவதில்லை. ஒரே நிகழ்வு படுபவருக்கு நுகர்வினையாகவும் செய்தவருக்கு ஏறுவினையாகவும் இரண்டு கணக்கிலும் எழுதப்படுகிறது என்பதே அக்கொள்கையின் உண்மையான உள்ளுறை. ஏழையின் துன்பத்தைக் கண்டு 'அவன் விதி' என்று சொல்லி நகர்பவர் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறார். வினைக்கொள்கையை இவ்வாறு அரைகுறையாகப் படித்ததால் இந்நாட்டில் விளைந்த தீங்கு சிறிதன்று, அது இன்னும் தீரவுமில்லை.

ஆண்டுக்கொரு முறை நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசையில் இதே வண்டிகள் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பூசப்பட்டு, மாலையோடு நிற்கின்றன. ஸ்பேனரும் லீவரும் பம்பும் பொட்டிட்டு வரிசையாக வைக்கப்படுகின்றன. எலுமிச்சம்பழம் சக்கரத்தின் அடியில் நசுங்க வண்டி நகர்கிறது. கருவியை வணங்குவது மூடத்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. கருவியைத் தெய்வத்தின் இடத்தில் வைத்த மரபு, அதைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருக்கும் கடமையையும் சேர்த்தே வைத்தது என்று கொள்வது பொருந்தும். பெரியபுராணம் போற்றும் நேச நாயனார் நெசவுத் தொழிலர். அவர் மனம் சிவன் திருவடியிலும், வாக்கு ஐந்தெழுத்திலும், கை தறித்தொழிலிலும் ஒருங்கே நின்றதாகச் சேக்கிழார் காட்டுகிறார். அங்கே பக்தி கைவேலைக்கு ஈடாக வரவில்லை, கைவேலையை ஒதுக்கவுமில்லை. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் அப்படியே டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தால், பூசைக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை.

எல்லாக் காரணங்களையும் தேடிய பின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு. புதிய டயர், புதிய டியூப், சரியான காற்று, பார்த்து ஓட்டும் கை ஆகிய யாவும் இருந்தும் ஓர் ஆணி ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒரு குறிப்பிட்ட சக்கரத்தின் கீழ் நிமிர்ந்து நிற்கும். ஊழ் என்னும் சொல்லுக்கு முழு உரிமையுள்ள இடம் அதுதான். அந்த எச்சத்தைச் சங்க இலக்கியம் இரண்டு உவமைகளால் காட்டுகிறது. புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் உயிரைப் பேராற்று நீரின் வழியே செல்லும் தெப்பத்துக்கு ஒப்பிடுகிறார்; தமிழில் ஊழைப் பற்றிப் பேசுவோர் யாவரும் எடுத்துக்காட்டும் உவமை அது. அதே நூலின் 102ஆம் பாட்டு அவ்வளவாக எடுத்தாளப்படுவதில்லை. அதைப் பாடியவர் ஔவையார், பாடப்பட்டவர் அதியமானின் மகன் பொகுட்டெழினி. அதாவது அது தகடூருக்கு, இன்றைய தருமபுரிக்கு, உரிய பாட்டு. உப்பு வணிகரான உமணர் பண்டம் நிறைய ஏற்றிய வண்டியை இளங்காளைகள் இழுத்துச் செல்ல, வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ என்று யாருக்கும் தெரியாததால், வண்டியின் கீழே ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் அத்தலைவன் என்பது பாட்டின் கருத்து.

தெப்பத்தின் உவமையில் நீர் இழுக்கும் வழியில் போவதைத் தவிரச் செய்வதற்கு ஏதுமில்லை, அதை அறிந்தவர் பெரியோரை வியப்பதும் சிறியோரை இகழ்வதும் இல்லாமல் அமைதி கொள்கிறார்; அந்த அமைதி மிக உயர்ந்தது. உமணரின் வண்டியில் அறியாமை அதே அளவு ஒப்புக்கொள்ளப்படுகிறது, வழி எப்படியிருக்கும் என்று தெரியாது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் அந்த அறியாமையே ஓர் அச்சைச் செதுக்கிக் கட்டுவதற்குக் காரணமாகிறது. வழியின் மேடுபள்ளம் ஊழின் பக்கம், அச்சின் நலம் மனிதரின் பக்கம் என்று இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த உவமை யாக்ஞவல்கியரின் தேரில்கூட இல்லை. வள்ளுவர் இணக்காமல் விட்ட இரண்டு குறள்களுக்கும் இவ்வண்டியில் தனித்தனியே இடம் இருக்கிறது.

உமணர் வண்டி போன தகடூர் நாட்டுப் பாதைகளில் இன்று மூட்டை ஏற்றிய எக்ஸ்.எல். வண்டிகள் மலையேறுகின்றன. அவற்றுள் சிலவற்றில், சீட்டின் அடியிலோ பக்கப் பையிலோ, இரண்டு லீவர், ஒரு சிறு பம்பு, ஒட்டும் சொல்யூஷன், உப்புத்தாள் ஆகியவற்றோடு ஒரு மாற்று டியூபும் இருக்கும். டியூபை வாங்கியபடியே கருவிகளோடு சேர்த்துப் போட்டு வைத்தால், வண்டியின் அதிர்வில் ஸ்பேனரின் முனை நாள்தோறும் உராய்ந்து, மாட்டுவதற்கு முன்பே அதில் ஓட்டை விழுந்துவிடுகிறது. அதனால் தெரிந்தவர்கள் அதில் சிறிது பவுடர் தூவி, மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, கருவிகளிலிருந்து விலக்கித் தனியே கட்டி வைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, காற்றடித்து, தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுற்றி வைக்கிறார்கள்.